வயிறு நிறைந்த பிறகும் கை நிற்கவில்லை, விரதமும் உதவவில்லை

மார்கழிப்பனி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இதை எங்கே கேட்பது என்று தெரியாமல் ஆன்மிகப் பகுதியில் போடுகிறேன். மட்டுறுத்துநர் உடல்நலப் பகுதிக்கு மாற்றினாலும் சரி.

வயது 41, மதுரை, பள்ளி அலுவலகத்தில் வேலை. பகலில் எல்லோரையும்விடக் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன். மதியம் டிபன் பாக்ஸில் பாதி அப்படியே திரும்பி வரும். இரவு பத்தரைக்கு மேல், வீட்டுக்காரரும் பிள்ளைகளும் படுத்த பிறகு, நான் வேறு ஆள். முறுக்கு டின் மூடி சத்தம் போடும் என்பதால் துண்டைப் போட்டுப் பொத்தித் திறக்கப் பழகியிருக்கிறேன். முறுக்கு, அப்புறம் மீந்த சோற்றில் தயிர், அப்புறம் பிள்ளைகளுக்கு வாங்கிய பிஸ்கட், அதுவும் தீர்ந்தால் ஹார்லிக்ஸைப் பொடியாகவே ஸ்பூனில் அள்ளி. எல்லாம் நின்றபடிதான், விளக்குக்கூடப் போடாமல். ருசி தெரிவதில்லை. வயிறு வலிக்கும்போது நிறுத்துவேன். காலிக் கவர்களைக் கைப்பைக்குள் சுருட்டி வைத்து, காலையில் பஸ் ஸ்டாப் குப்பைத்தொட்டியில் போடுவேன்.

மறுநாள் பட்டினி. அதுபோக செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை. கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பால் பழத்தோடு இருந்தேன். சூரசம்ஹாரம் முடிந்த இரவு என்னவெல்லாம் உள்ளே போனது என்று இங்கே எழுத முடியாது. முருகன் படத்துக்கு முன்னால் நிற்கக் கூசுகிறது. ஆறு நாள் வாயைக் கட்டத் தெரிந்தவளுக்கு ஒரு ராத்திரி கட்டத் தெரியவில்லை என்றால் அது பக்தியா, நடிப்பா?

போன வருடம் அம்மா தவறிப்போனார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை. சும்மா சொல்லி வைக்கிறேன்.


இரும்புக்கை_73

சகோதரி, சொல்கிறேனே என்று தவறாக நினைக்காதீர்கள். இதற்குப் பெயர் நாக்கு. முறுக்கு, பிஸ்கட் வாங்குவதை நிறுத்துங்கள். ராத்திரி வாய் பரபரத்தால் இரண்டு டம்ளர் வெந்நீர். காலை ஐந்து மணிக்கு எழுந்து நடை. நான் 94 கிலோவிலிருந்து 76க்கு வந்தவன். மனசு வைத்தால் முடியாதது இல்லை.


வடைமாலை

அண்ணே, ருசியே தெரியவில்லை என்று அவர் எழுதியிருக்கிறார். நீங்கள் நாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

எனக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். நைட் ஷிப்ட். விடியற்காலை அறைக்கு வந்ததும் ஆப்பைத் திறந்து இரண்டு பேருக்கான பிரியாணியை ஆர்டர் பண்ணுவேன். டெலிவரிப் பையன் ஒருத்தன் சாப்பிடத்தான் இவ்வளவா என்று நினைத்துவிடக் கூடாதே என்று கதவைத் திறக்கும் முன், உள்ளே யாரோ இருப்பதுபோல "டேய், சாப்பாடு வந்துடுச்சு" என்று குரல் கொடுப்பேன். சிரிக்கலாம், பரவாயில்லை. யாராவது உருப்படியாகப் பதில் சொன்னால் எனக்கும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன்.


சுக்குக்காப்பி

மருத்துவமனை ஒன்றில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். முகம் பார்க்காமல் நோய்ப்பெயர் சூட்டக் கூடாது, சூட்டவும் போவதில்லை. இருந்தாலும் மார்கழிப்பனி எழுதியதைப் படித்ததும் பாடப்புத்தகம் ஞாபகம் வந்தது.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு 2013இல் ஐந்தாம் பதிப்பு கண்டது. கட்டுப்பாடில்லாமல் அள்ளிச் சாப்பிடுவதை அதில்தான் தனி நோயாகச் சேர்த்தார்கள். ஸ்டன்கார்ட் என்ற மருத்துவர் 1959லேயே இதை விவரித்து எழுதிவிட்டார். தனி இடம் கிடைக்க அத்தனை வருடம் ஆனது. வழக்கத்தைவிட வேகமாகச் சாப்பிடுவது, வயிறு நோகும்வரை சாப்பிடுவது, பசியே இல்லாமல் சாப்பிடுவது, வெட்கப்பட்டுத் தனியாகச் சாப்பிடுவது, முடிந்ததும் தன்மேலேயே அருவருப்புக் கொள்வது: இந்த ஐந்தில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். நிறுத்த முடியவில்லை என்ற தவிப்பும் இருக்க வேண்டும். வாரம் ஒரு தடவையாவது, மூன்று மாதம் தொடர்ந்து. ஆள் குண்டாக இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. தின்றதை ஈடுகட்ட மறுநாள் பட்டினி கிடப்பது வாடிக்கையாகிவிட்டால் அது வேறு பெயரில் வரும். எந்தப் பெயர் என்று பார்ப்பது மனநல மருத்துவரின் வேலை. அவரைப் போய்ப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்வதில் முக்கியமானது.

இப்போது இரும்புக்கை ஐயாவுக்கு. இரண்டாம் உலகப்போர் முடியும் சமயம், 1944 முதல் 1945 வரை, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் தூக்க மாட்டோம் என்று மனசாட்சிப்படி மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உறுதிக்குக் குறைவில்லாத ஆட்கள். 24 வாரம், நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. எடையில் ஏறக்குறைய கால் பங்கு போனது. அதைவிட மனம் போன போக்குதான் கவனிக்க வேண்டியது. நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு, சமையல் புத்தகங்களைச் சேகரிப்பது, தட்டை நக்குவது. சோதனை முடிந்து வேண்டிய மட்டும் சாப்பிட விட்டபோது, சிலர் வயிறு கொள்ளாமல் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை என்றார்கள். மாதக்கணக்கில் அப்படி இருந்தது. இதில் பக்தியும் இல்லை, பாவமும் இல்லை. பட்டினி ஒன்றுதான்.

ஆகவே மார்கழிப்பனி, நீங்கள் இரவுக்குத் தண்டனையாக நினைக்கிற பகல் பட்டினிதான் அடுத்த இரவுக்குச் சாவி கொடுக்கிறது. காலை எட்டுக்கு இட்லி, பதினொன்றுக்கு ஒரு வாழைப்பழமோ மோரோ, ஒன்றரைக்கு முழுச் சாப்பாடு, ஐந்துக்குச் சுண்டல், எட்டரைக்கு இரவுச் சாப்பாடு. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் அந்த நேரத்துக்கு. முந்தின இரவு என்ன நடந்திருந்தாலும் மறுநாள் காலை இட்லி உண்டு. இந்த ஒன்றைச் சொல்லும்போதுதான் என் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அழுவார்கள்.

சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்கிறீர்களா? எடுத்துக்கொண்டால் இந்த விரதங்களை மருத்துவரிடம் சொல்லாமல் இருக்கவே கூடாது.


ஓய்வுபெற்ற_வாத்தியார்

அம்மா, வயிற்றோடு மல்லுக்கு நின்றவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை. நல்வழியில் ஔவையார் தன் வயிற்றைப் பார்த்தே பேசுகிறார்:

ஒருநாள் உணவை ஒழியென்றால் ஒழியாய்
இருநாளுக்கு ஏலென்றால் ஏலாய்

ஒரு நாள் சும்மா இரு என்றால் இருக்க மாட்டாய், இரண்டு நாளைக்குச் சேர்த்து வாங்கிக்கொள் என்றாலும் மாட்டாய், உன்னோடு வாழ்தல் அரிது என்று முடிக்கிறார். மீதூண் விரும்பேல் என்று பிள்ளைகளுக்குச் சொன்ன வாய் என்று நாம் கொண்டாடுகிற அதே பெயர்தான் இப்படியும் அலுத்துக்கொள்கிறது. அந்த அலுப்பில் ஒரு கேலி இருக்கிறது, கவனித்தீர்களா? வயிற்றைத்தான் திட்டுகிறார். தன்னைப் பாவி என்று எங்கும் சொல்லவில்லை.

இன்னொன்று, மணிமேகலையில் வரும் காயசண்டிகை. எத்தனை தின்றாலும் அடங்காத யானைத்தீ அவள் வயிற்றில். பன்னிரண்டு வருஷத்துக்கு அந்தப் பசி.


கறுப்புச்சட்டை

வாத்தியார் ஐயா, அந்தப் பசியும் சாபத்தால் வந்ததுதானே? முனிவரின் நாவல் பழத்தை மிதித்த குற்றம். ஆக அங்கேயும் கதை ஒன்றுதான், தப்பு செய்தாய், அனுபவி. நான் கேட்பது இதுதான்: இந்த அம்மாவுக்கு வந்திருப்பது உடம்பும் மனமும் சேர்ந்த ஒரு சிக்கல். சுக்குக்காப்பி அழகாகச் சொல்லிவிட்டார். இதில் முருகனையும் பாவத்தையும் விரதத்தையும் ஏன் இழுக்க வேண்டும்? கூசிப்போக வைக்கிறதே அந்தச் சாமி படம்தான். அதை எடுத்து உள்ளே வைத்தால் பாதி சரியாகும்.


ஓய்வுபெற்ற_வாத்தியார்

நல்ல கேள்வி. சாபம் கொடுத்தவர் யார் என்று பாருங்கள். விருச்சிகன் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரே ஒரு பழம் தின்று தவம் செய்கிறவர். அந்தப் பழத்தை அவள் மிதித்துக் கூழாக்கிவிட்டாள். இன்னும் பன்னிரண்டு வருஷம் நான் பட்டினியா என்ற ஆத்திரத்தில், அதே பன்னிரண்டு வருஷத்துக்கு நீ அடங்காப் பசியில் கிட என்கிறார். உணவியல் அம்மா மேலே சொன்னதைப் படித்ததிலிருந்து எனக்கு இந்த இடம் வேறு மாதிரி தெரிகிறது. அளவு மீறிய பட்டினியின் வாயிலிருந்துதான் அளவு மீறிய பசி பிறக்கிறது. சாத்தனார் அப்படி நினைத்து எழுதினாரா என்று கேட்காதீர்கள், எனக்கு அப்படிப் படிக்க வருகிறது, அவ்வளவுதான்.

அந்தப் பசி எப்படித் தீர்ந்தது? மணிமேகலை அவளுக்கு உபதேசம் செய்யவில்லை. அமுதசுரபியிலிருந்து சோற்றை எடுத்து அவள் கையில் இட்டாள்.


சாரல்மழை

கறுப்புச்சட்டை தோழருக்கு ஒரு பதில். நான் சில வருடங்கள் கன்னியர் மடத்தில் இருந்தவள், பிறகு வெளியே வந்துவிட்டேன், இப்போது தென்காசியில் ஆசிரியை. மதம் வெட்கத்தை மூட்டும் என்பதை மறுக்க மாட்டேன். தவக்காலத்தில் நாற்பது நாள் ஒறுத்தல் இருந்துவிட்டு, ஈஸ்டர் இரவு சமையலறையில் ஒளிந்து கேக்கை விழுங்கிய பெண்களோடு வாழ்ந்திருக்கிறேன். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் துறவுக்கான அழைத்தல் இல்லை என்பார்களே.

ஆனால் அதே மரபில் வேறொன்றும் இருக்கிறது. நாலாம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் துறவிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களைத் தேடிப் போய்ப் பேசிக் கேட்டதைப் பின்னாளில் எழுதி வைத்தவர் ஜான் காசியன். அதில் மோசே என்ற பெரியவர் ஒரு சம்பவம் சொல்கிறார். செராப்பியோன் என்பவர் சிறுவனாக ஒரு முதியவரோடு தங்கியிருந்தாராம். பிற்பகலில் இருவரும் சாப்பிட்டு எழும்போது ஒரு காய்ந்த ரொட்டித் துண்டை அங்கிக்குள் ஒளித்துக்கொள்வார். பிறகு தனியாகப் போய் அதைத் தின்பார். தினமும். தின்னும்போது இருக்கும் சுகம், தின்று முடித்ததும் வரும் வேதனைக்குக் காணாதாம். இருந்தும் நிறுத்த முடியவில்லை. வாய்விட்டுச் சொல்லவும் வெட்கம்.

ஒருநாள் சிலர் அந்த முதியவரைப் பார்க்க வருகிறார்கள். பேச்சு பெருந்தீனியைப் பற்றியும், மனத்தில் ஒளித்து வைக்கும் நினைப்புகளைப் பற்றியும் போகிறது. தன்னைத்தான் சொல்கிறார் என்று பையன் நடுங்கி, அழுது, அங்கிக்குள் இருந்த ரொட்டியை எடுத்து எல்லோருக்கும் நடுவில் வைத்துவிடுகிறான். முதியவர் திட்டவில்லை. தண்டனையும் தரவில்லை. நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, நீ வெளியே சொன்னதே உன்னை விடுவித்துவிட்டது என்கிறார். அதற்குப் பிறகு அந்த ஆசை தன்னைத் தொடவே இல்லை என்கிறார் செராப்பியோன். அந்தக் கடைசிப் பகுதி எல்லோருக்கும் அப்படி ஒரே நாளில் நடக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் துண்டு போட்டுப் பொத்திய முறுக்கு டின்னும் அங்கிக்குள் ஒளித்த ரொட்டியும் ஒன்றுதான், இல்லையா? நடுவில் ஆயிரத்து அறுநூறு வருஷம்.

அதே உரையாடலில் மோசே இன்னொன்றும் சொல்கிறார். அளவுமீறிய நோன்பும் பெருந்தீனியும் கடைசியில் ஒரே பள்ளத்தில்தான் கொண்டுபோய்த் தள்ளும். பெருந்தீனியில் விழாதவர்கள்கூட நோன்பின் மிகையால் விழுந்ததைக் கண்டதாகச் சொல்கிறார். சில நாள் பட்டினி, பிறகு ஒரு நாள் வாரிப் போடுவது என்று வேண்டாம், தினமும் இரண்டு ரொட்டி, ஒரே அளவு என்பதுதான் அவர் காட்டும் வழி. சுக்குக்காப்பி அக்கா போட்ட அட்டவணையை அந்தப் பெரியவர் பார்த்தால் தலையாட்டியிருப்பார்.

எனவே தோழரே, படத்தை உள்ளே வைக்க வேண்டியதில்லை. படத்துக்கு முன்னால் ஒளிப்பதை நிறுத்தினால் போதும். மார்கழிப்பனி அக்கா, நீங்கள் இங்கே எழுதியதே ரொட்டியை வெளியே எடுத்து வைத்ததுதான். முகம் தெரிந்த ஒருவரிடமும் ஒருமுறை எடுத்து வைக்கப் பாருங்கள்.


இரும்புக்கை_73

ரொட்டியைப் பற்றி இவ்வளவு படித்ததும் எனக்கே பசிக்கிறது. சரி, மின்னசோட்டா விஷயம் எனக்குப் புதிது. ஆனால் ஐந்து வேளை சாப்பிட்டு, ராத்திரியும் இது தொடர்ந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?


சுக்குக்காப்பி

முதல் சில வாரங்கள் இரண்டும் சேர்ந்தே நடக்கலாம், உண்மைதான். பெரும்பாலும் பகல் சீரானதும் இரவின் வேகம் குறையும். எடையைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் போனால் பழையபடி பட்டினிக்குத்தான் திரும்புவோம். இது உங்கள் வழியைக் குறை சொல்வது இல்லை ஐயா. உங்களுக்கு இருந்தது எடைப் பிரச்சினை, இவருக்கு இருப்பது வேறு.


குப்பூஸ்காரன்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். காயல்பட்டினம். வளைகுடாவில் பல வருடம் இருந்தவன்.

அங்கே ஒரு ரூமில் எட்டுப் பேர், அடுக்குக் கட்டில். வீட்டுக்குப் போன் பேசுவேன். சின்ன மகள் "வாப்பா, எப்ப வருவிய" என்று கேட்பாள். போனை வைத்ததும் பசிக்கும். சத்தியமாகப் பசி மாதிரியேதான் இருக்கும், வயிறு இரையும். மெஸ்ஸில் அரைமணிக்கு முன்தான் சாப்பிட்டிருப்பேன். அந்த ஊர் ரொட்டியான குப்பூஸில் ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய், தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமல், வெறும் குப்பூஸ், ஒன்று மாற்றி ஒன்று. தொண்டை அடைக்கும். அழுகை வருமுன் அதை உள்ளே தள்ளி அமுக்குகிறேன் என்று அப்போது விளங்கவில்லை.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபிமொழி உண்டு. சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்து என்ன செய்ய? ரமளானில் நோன்பு திறந்ததிலிருந்து விடியலுக்கு முந்தின ஸஹர்வரை தின்றவன் நான். தெரிந்ததைச் செய்ய முடியவில்லையே என்ற எண்ணம் இன்னும் இரண்டு குப்பூஸை உள்ளே தள்ளும்.

மாறியது ஊருக்கு வந்த பிறகு. எங்கள் பக்கம் விருந்து என்றால் சஹனில்தான் சோறு. பெரிய தாம்பாளம், சுற்றி மூன்று பேர், ஒரே தட்டு. எதிரே இருப்பவன் கை எங்கே போகிறது என்று பார்த்துத்தான் நம் கை போகும். கறித்துண்டை நாமே எடுத்துக்கொள்ள மாட்டோம், அவன் பக்கம் தள்ளுவோம், அவன் திருப்பித் தள்ளுவான். அந்தத் தட்டில் என்னால் அள்ளிப் போட முடியாது. மறுபடி வெளிநாடு போனபோது ரூமில் இரண்டு பேரைப் பிடித்தேன், ஒருவர் கேரளம், ஒருவர் நேப்பாளம். ராத்திரிச் சாப்பாடு மூன்று பேருக்கும் ஒரே தட்டில், நான் போன் பேசி முடித்த பிறகுதான் என்று வைத்துக்கொண்டோம். காரணத்தையும் சொன்னேன். அந்த நேப்பாளி சிரித்துக்கொண்டே, தனக்கும் போன் வைத்ததும் ஏதோ செய்யும், தான் சிகரெட் பிடிக்கப் போவேன் என்றான்.

தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாடிப்படிக்குப் போவது அரிதாகிவிட்டது.


வடைமாலை

பாய், இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஒரே தட்டுக்கு எனக்கு ஆள் இல்லை. ஆனால் ஷிப்ட் முடிந்து கம்பெனிப் பஸ்ஸில் என்னோடு வருகிறவன் ஒருத்தன் அறைக்குப் போய் மேகி கிண்டுவதாகச் சொல்வான். வழியில் டீக்கடையில் சேர்ந்து இட்லி சாப்பிடலாமா என்று கேட்டுப் பார்க்கிறேன்.


கறுப்புச்சட்டை

சாரல்மழை, உங்கள் ரொட்டிக் கதையில் கடவுளை எடுத்துவிட்டாலும் கதை நிற்கிறது, அதுவே எனக்குப் போதும். குப்பூஸ்காரர் சொன்னதும் அதேதான். ஆள் வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை. யாரிடம் சொல்கிறோம் என்பது முக்கியம். எல்லா முதியவரும் திட்டாமல் இருக்க மாட்டார். எங்கள் உறவில் ஒரு பெண் மாமியாரிடம் சொல்லப் போய், அடுத்த விசேஷத்தில் பந்தியிலேயே அது பேச்சானது.


சாரல்மழை

ஒப்புக்கொள்கிறேன். காசியனின் மோசேகூட அதைத்தான் சொல்கிறார். தலை நரைத்தவர் எல்லோரிடமும் மனத்தைத் திறக்காதே என்று. ஒரு பெரியவரிடம் சொல்லப்போய் அவர் காறித் துப்பாத குறையாகப் பேசி அனுப்பிய இளைஞனின் கதையும் அதே இடத்தில் வருகிறது.

சொந்தத்தில் ஆள் இல்லாதவர்களுக்கு ஒன்று. 1960இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய, அளவுமீறிச் சாப்பிடுகிறவர்களுக்கான ஓவர்ஈட்டர்ஸ் அனானிமஸ் என்ற குழு இருக்கிறது. குடியிலிருந்து மீள்வோர் குழுக்கள் கடைப்பிடிக்கும் பன்னிரண்டு படிகளையே எடுத்து நடத்துகிறார்கள். பெயர் சொல்ல வேண்டாம், காசு கேட்க மாட்டார்கள், போனிலும் இணையத்திலும் கூட்டம் உண்டு. கடவுள் என்ற சொல்லை அவரவர் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். குடிகாரருக்குக் குடியை முழுக்க விடு என்று சொல்லலாம், நமக்குச் சோற்றை விடு என்று சொல்ல முடியாதே. அந்தச் சிக்கலை அங்கே எல்லோரும் அறிவார்கள்.


சுக்குக்காப்பி

அதோடு இதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றிய அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். 2022இலிருந்து இருக்கிறது. குழுக்களில் சிலர் சர்க்கரை, மாவு எதையும் தொடாதே என்று கடுமையாகச் சொல்வார்கள். சிலருக்கு அது ஒத்துவரும். மார்கழிப்பனி போலப் பட்டினி கிடந்து பழகியவர்களுக்கு இன்னொரு தடை உத்தரவு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.


மார்கழிப்பனி

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. சர்க்கரை இல்லை, மாத்திரையும் இல்லை.

குப்பூஸ்கார அண்ணனின் பதிவைப் படித்துவிட்டுத்தான் ஒன்று தோன்றியது. அம்மா இருந்தவரை தினமும் இரவு பத்தரைக்கு, சீரியல் எல்லாம் முடிந்தபின், எனக்குப் போன் பண்ணுவார். எடுத்ததும் முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டே?" நான் ஏதாவது சொல்வேன். "அது போதுமாடி?" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். இப்போது அந்த நேரத்தில்தான் அடுக்களைக்குப் போகிறேன்.

தங்கையிடம் சொன்னேன். கவர்களைப் பஸ் ஸ்டாப்பில் போடுவது வரைக்கும். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அம்மா போனதிலிருந்து தனக்கு மூன்று மணிக்கு மேல் தூக்கமே வருவதில்லை என்றாள். இத்தனை மாதமாக இரண்டு பேரும் வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் படம் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம். இனி பத்தரைக்கு அவள் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். என்ன சாப்பிட்டே என்று மட்டும் கேட்காதே என்று சொல்லிவிட்டேன். கேட்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

காலை இட்லி சாப்பிடத் தொடங்கியிருக்கிறேன். பதினொரு மணி வாழைப்பழம் ஆபீஸில் எல்லோர் எதிரிலும் சாப்பிடக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் சாப்பிடுகிறேன். இரவு அடுக்களை முழுக்க நிற்கவில்லை. தங்கை பேசிய ஒரு இரவுகூடப் போனேன். விளக்கைப் போட்டு, தட்டில் வைத்து, உட்கார்ந்து சாப்பிட்டேன். முறுக்கில் ஓமம் இருந்தது அன்றுதான் தெரிந்தது. மனநல மருத்துவரிடம் அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

ஒரே ஒரு சிக்கல். வருகிற சஷ்டிக்கு விரதம் இல்லை, கோவிலுக்கு மட்டும் போய் வரலாம் என்று இருக்கிறேன். மாமியார் விட மாட்டார். என்ன சொல்ல?


ஓய்வுபெற்ற_வாத்தியார்

டாக்டர் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது என்றிருக்கிறார் என்று சொல்லுங்கள். மாமியார்கள் முருகனுக்கு அடுத்தபடி டாக்டருக்குத்தான் பயப்படுவார்கள்.


சுக்குக்காப்பி

நான் டாக்டர் இல்லை ஐயா. ஆனால் அடுத்த வாரம் அவர் அதைத்தான் சொல்லப்போகிறார். அதுவரைக்கும் என்னைக் காட்டிச் சொல்லிக்கொள்ளட்டும், பரவாயில்லை. கோவிலுக்குப் போகும்முன் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் மார்கழிப்பனி. வரிசையில் நிற்க நேரமாகும்.